திருப்பிச் சொல்லும் பெட்டி

முதலில் ஒரு விடுகதை.

தானாக ஒரு சொல்லும் சொல்லாது. நீங்கள் ஒன்று சொன்னால் அதையே திருப்பிச் சொல்லும். சொல்லச் சொல்லக் கலங்கும். ஆனாலும் அது தன் சொந்தக் கருத்தைச் சொல்வதாகவே நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அது எது?

செலின் டீச்சர் இந்த விடுகதையை லெனோராவிடம் போட்டது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். விடுகதை கேட்கிற நிலையில் அப்போது அவள் இல்லை. கிட்டத்தட்ட அழுகிற நிலையில் இருந்தாள்.

*

“டீச்சர், என் பெடலை மாத்திரட்டுமா?”

வந்ததும் லெனோரா கேட்டது இதுதான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

தூத்துக்குடியில், ஒரு ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருந்த மாடியறை அது. செலின் டீச்சர் அங்கே பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். கல்லூரியை விட்டு வந்து அதிக நாளாகாத டீச்சர். பேச்சு குறைவு. அப்போது கிட்டாரில் புதுக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். பழைய கம்பி ஒன்று வாயில் இருந்தது.

லெனோரா பையிலிருந்து ஓர் ஊதா நிறப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. மேலே மூன்று குமிழ்கள். கீழே காலால் அழுத்த ஒரு பொத்தான். கிட்டார் வயரை இதில் செருகி அழுத்தினால், மீட்டிய சத்தம் சற்றுப் பொறுத்துத் திரும்பி வரும். பிறகு மறுபடியும். பிறகு மறுபடியும். எவ்வளவு பொறுத்து வர வேண்டும் என்பதற்கு முதல் குமிழ். எத்தனை தடவை என்பதற்கு நடுக் குமிழ். எவ்வளவு உரக்க என்பதற்குக் கடைசிக் குமிழ்.

கிட்டார்காரர்கள் இதை டிலே பெடல் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. டிஜிட்டல் பெடல், வாங்கிய சத்தத்தை அப்படியே திருப்பித் தரும். லெனோராவினுடையது அனலாக். பழைய முறை. அது திருப்பித் தரும்போது ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் மங்கும்.

கப்பலில் வேலை பார்க்கும் அவளுடைய மாமா, ஏதோ ஒரு துறைமுகத்தில் கடை கடையாகத் தேடி இவளுக்கென்றே வாங்கி வந்தார். கொடுத்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டார்.

“யார் மாத்தச் சொன்னா?” என்றார் டீச்சர், வாயில் இருந்த கம்பியை எடுத்துவிட்டு.

“எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“ரூபன் அண்ணன். கென்னடி அண்ணன். ஷைனி.”

மூன்று பேரும் கிட்டார்காரர்கள். ரூபன் கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவன். கென்னடி கோயில் பாடற்குழுவில். ஷைனி லெனோராவின் வகுப்புத் தோழி.

“என்ன சொன்னாங்க?”

“ரூபன் அண்ணன் சேறு மாதிரி இருக்குங்காங்க. கென்னடி அண்ணன் கலங்கலா இருக்குங்காங்க. ஷைனி மங்கலா இருக்குங்கா.” லெனோரா நகத்தைக் கடித்தாள். “நாளைக்கு மாதா கோயில் திருவிழா, டீச்சர். முதல் பாட்டுக்கு ஆரம்பம் நான் மட்டும் தனியா வாசிக்கணும். ஊரே இருக்கும். சேறு மாதிரி கேட்டா?”

டீச்சர் கம்பியை முறுக்கினார்.

“ரூபன் அண்ணன் அவங்க டிஜிட்டல் பெடலைத் தரேங்காங்க. இதுக்கு அது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணும். கச்சேரிக்கு நாகர்கோவில் போறாங்க. மாத்தினா மாத்தினதுதான், அப்புறம் திருப்பிக் கேக்கக்கூடாதாம்.”

“உனக்கு மாத்தணுமா?”

“தெரியல, டீச்சர். மாமா வந்து கேட்டா என்ன சொல்ல?”

அப்போதுதான் டீச்சர் அந்த விடுகதையைப் போட்டார்.

லெனோரா யோசிக்கவே இல்லை. “டிலே பெடல்,” என்றாள்.

“பெடல் கருத்தா சொல்லுது? அது இல்ல.”

“வேற என்ன?”

“அந்த மூணு பேர்ட்டயும் போ. ஒரே ஒரு கேள்வி. ‘என் பெடல் சத்தத்தை எப்போ கேட்டீங்க?’ வேற எதுவும் பேசாத. ரூபன்ல இருந்து ஆரம்பி.”

“அவ்வளவுதானா? நீங்க ஒண்ணும் சொல்லலையே, டீச்சர்.”

டீச்சர் பழைய கம்பியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

*

ரூபன் டீக்கடை முன்னால் வேனில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“வா பாப்பா. பெட்டியக் கொண்டாந்துட்டியா?”

“அண்ணே, என் பெடலை நீங்க எப்போ கேட்டீங்க?”

ரூபன் சிரித்தான். “மீன் கெட்டுப்போச்சுன்னு தெரியுறதுக்கு வாயில போட்டா பாக்கணும்?”

“எப்போ கேட்டீங்கண்ணே?”

“விட மாட்டியே! கேக்கல. கென்னடி சொன்னான். அவன் காது நல்ல காது.”

வேறு எதுவும் பேசக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். லெனோராவால் முடியவில்லை.

“சேறுன்னா, அப்புறம் உங்களுக்கு எதுக்குண்ணே?”

“ஒரு ஸ்டுடியோவுல பழைய சத்தம் கேக்காங்க. அங்க சேறும் வேணும். மேடைக்கு ஆகாது. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.” ரூபன் இன்னொரு ஸ்பீக்கரைத் தூக்கினான். “ஆறு மணிக்கு உங்க டீச்சர் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கேன். மாத்துறதா இருந்தா இறங்கி வா. இல்லன்னா நான் போயிட்டே இருப்பேன்.”

லெனோரா கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கரை தாண்டியிருந்தது.

*

கென்னடிக்குச் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தான். கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்தான். அவனுடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“சேறா? நான் எப்போ சேறுன்னு சொன்னேன்? கலங்கல்னுதான் சொன்னேன். சேறாக்குனது ரூபன். அவன் எதைத்தான் சும்மா விட்டிருக்கான்? தாலாட்டைக் குடுத்தாக்கூட குத்துப் பாட்டா வாசிப்பான்.”

“எப்போ கேட்டீங்கண்ணே?”

கென்னடி திருப்புளியைக் கீழே வைத்தான்.

“நேத்துப் பாட்டுப் பயிற்சியில ஷைனி சொன்னா.”

“நீங்க கேக்கலையா?”

“அவ உன் கூடப் படிக்கிறவதானே? அவ கேட்டிருப்பாள்னு நெனச்சேன்.”

“மங்கல்னுதானே அவ சொன்னா? கலங்கல்னு சொன்னது யாருண்ணே?”

கென்னடி திருப்புளியை மறுபடி எடுத்தான்.

“ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான,” என்றான். பிறகு குனிந்துகொண்டான்.

*

ஷைனி அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, நாளைய பாட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லெனோரா ஓடி வந்த வேகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

“என்னட்டி, நாய் துரத்துதா?”

“ஷைனி, என் பெடலை நீ எப்போ கேட்ட?”

“எந்தப் பெடலை?”

“எங்க மாமா வாங்கிட்டு வந்தத. மங்கலா இருக்குன்னு சொன்னியே.”

“நானா?” ஷைனி கிட்டாரை மடியிலிருந்து இறக்கினாள். “ஏட்டி, நீதானே சொன்ன!”

“நான் எப்போ சொன்னேன்?”

“வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடிச்சதும் வந்து நின்ன. ‘ஷைனி, என் பெடல் கொஞ்சம் மங்கலா இருக்கோ?’ன்னு கேட்ட. நான் ஆமான்னேன்.”

“நீ கேக்கவே இல்லையே! பின்ன எதுக்கு ஆமான்ன?”

“நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு கேட்டா, ஆமான்னுதான் சொல்லணும். இல்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பியா? சாப்பாட்டு நேரம் முடியுற வரைக்கும் கேட்டிருப்ப. எனக்குப் பசி.”

லெனோரா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

யாருமே அந்தப் பெடலின் சத்தத்தைக் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதுவரை பயப்படுவதற்கு மூன்று பேருடைய சொல் இருந்தது. இப்போது பயம் மட்டும் இருந்தது.

“மாத்தப் போறியா?” என்றாள் ஷைனி.

“தெரியல. நீ என்ன சொல்ற?”

ஷைனி கையெடுத்துக் கும்பிட்டாள். “தாயே, என்ன விட்டுரு.”

*

லெனோரா மாடியறைக்குத் திரும்பியபோது ஆறு மணி ஆகச் சிறிது நேரமே இருந்தது. எதிரே ஐஸ் கம்பெனியில் கட்டிகளை உடைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் புதுக் கம்பிகளைப் பூட்டி முடித்திருந்தார்.

“யாரும் கேக்கல, டீச்சர்,” என்றாள் லெனோரா. மூச்சு வாங்கியது. “முதல்ல சொன்னது நான்தான்.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“எப்படி?”

“மாமா குடுத்த அன்னைக்கு. எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருப்பினேன். ஊன்னு கத்த ஆரம்பிச்சிட்டு. நிக்கவே இல்ல. அம்மா சமையல்கட்டுல இருந்து சத்தம் போட்டாங்க. அணைச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தொடல.”

டீச்சர் எழுந்தார். பெட்டியைத் தரையில் வைத்து, ஒரு பக்கம் கிட்டார் வயரையும் மறுபக்கம் ஸ்பீக்கர் வயரையும் செருகினார். குமிழ்களை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். தன் கிட்டாரை லெனோராவின் கையில் கொடுத்தார். பிறகு சும்மா நின்றார்.

“வாசிக்கட்டுமா, டீச்சர்?”

டீச்சர் எதிர்க் கட்டிடத்தைக் காட்டினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

லெனோரா காத்திருந்தாள். கடிகார முள்ளைப் பார்த்தாள். விரலால் கிட்டாரின் விளிம்பைத் தட்டினாள். இயந்திரம் ஓடியது. ரூபன் கிளம்பியிருப்பான். டீக்கடையிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இயந்திரம் நின்றது.

“ஒரு தடவை,” என்றார் டீச்சர்.

லெனோரா ஒரு கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினாள்.

சத்தம் எழுந்தது. சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது. பிறகு இன்னும் மெதுவாக. பிறகு இன்னும் மங்கலாக. கடைசியில், அடுத்த வீட்டில் யாரோ முனகுவது போலக் கேட்டு, அடங்கியது.

“மங்கல்தான், டீச்சர்,” என்றாள் லெனோரா. “நான் சொன்னது சரிதான்.”

“எது மங்கல்?”

“கடைசியா வந்தது.”

“முதல்ல திரும்பி வந்தது?”

லெனோரா பெட்டியைப் பார்த்தாள். கடைசிச் சத்தத்துக்காகக் காத்திருந்ததில் முதல் சத்தத்தை அவள் கவனித்திருக்கவில்லை.

மறுபடி மீட்டினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மீட்டிய சத்தம் அடங்கியது. அது திரும்பி வந்தபோது அதன் கூர்மை மட்டும் குறைந்திருந்தது. யாரோ அவளுக்குப் பக்கத்தில் நின்று, அவளைவிடக் கொஞ்சம் அமைதியாக, அதையே வாசித்த மாதிரி இருந்தது.

லெனோரா கண்ணைத் திறந்தாள்.

தெருவில் ஹாரன் அடித்தது.

அவள் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பிறகு டீச்சரை.

“டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. நீங்க கேட்டீங்க இல்லையா? நல்லா இருக்கா?”

டீச்சர் அவளையே பார்த்தார்.

“நல்லா இருக்கா?” என்றார்.

லெனோரா விழித்தாள். “நான்தான் உங்கள்ட்ட கேக்குதேன்.”

சற்றுப் பொறுத்து, இன்னும் தாழ்ந்த குரலில் டீச்சர் சொன்னார்: “நல்லா இருக்கா?”

“டீச்சர்!”

இன்னும் சற்றுப் பொறுத்து, உதடுகள் மட்டும் அசைய, வந்ததா வரவில்லையா என்ற சத்தத்தில்: “இருக்கா?”

ஷைனியின் ‘ஆமா’வும் இப்படித்தான் வந்தது என்று லெனோராவுக்குத் தோன்றியது.

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

விடுகதைக்கு அவள் விடை சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

லெனோரா குனிந்து, சத்தம் ஒரே ஒரு தடவை திரும்பி வருமாறு நடுக் குமிழைக் குறைத்து வைத்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், மாற்றவில்லை என்று ரூபனிடம் சொன்னாள்.