மூடின பானைக்கு என்ன விலை?

ரொம்பக் காலத்துக்கு முன்னே கடலோரத்து முத்தூற்று நாட்டை வீரகேசரி என்று ஒரு ராசா ஆண்டு வந்தார். காலையில் சிரிப்பார், மத்தியானம் சீறுவார். வியாபாரம் என்றால் மட்டும் மூன்று வேளையும் சந்தோஷம். அதற்கென்றே ஒரு வியாபார மாளிகை கட்டியிருந்தார். ஊரார் காசு ஒரு துட்டுகூட அங்கே நுழையாது. தன் சொந்தப் பொன்னைப் போட்டு வாங்குவார், விற்பார். லாபமும் அவருக்கே, நட்டமும் அவருக்கே.

வருசத்துக்கு ஒரே ஒரு ஆளை அங்கே மூன்று மாசம் தொழில் பழகச் சேர்ப்பார்கள். தேறினால் நிரந்தர வேலை. ஆனால் தண்டோரா எல்லாம் கிடையாது. மாளிகைத் தலைவர் அழகியநம்பி சொந்தக்காரர் காதில் மட்டும்தான் ஓதுவார்.

மருதாயி என்ற பெண் அந்த மாளிகைக்கு தினமும் வெற்றிலை கொண்டு போகிறவள். ஒருநாள் காவலாளி, "நாளன்னைக்கு முதல் இன்னும் ஒரு கவுளி, நூறு வெத்தலை, கூட வேணும், தாயி" என்றான்.

"யாருக்கு அண்ணே?"

"தொழில் பழக வர்ற ஆளுக்கு. நாளைக்குத்தான் தேர்வு."

மறுநாள் கூடையை வாசலில் வைத்துவிட்டு, ராசா இருந்த சபைக்குள் நேரே போய் நின்றாள்.

"வெற்றிலைக்காரிக்கு இங்கே என்ன?" என்று நம்பி சீறினார்.

"தேர்வுக்கு வந்தேன் ஐயா."

"நிற்கட்டும் நம்பி" என்றார் ராசா. "போட்டிக்கு ஒரே ஆள்தான் என்றால் ஒரு சபை எதற்கு?"

வாய் கட்டின பானை ஒன்று வந்தது. உள்ளே என்ன என்று நம்பிக்கு மட்டும்தான் தெரியும். என்ன விலைக்கு வாங்குவேன், என்ன விலைக்கு விற்பேன் என்று இரண்டும் சொல்ல வேண்டும். இடைவெளி இரண்டு பணத்தைத் தாண்டக் கூடாது. எதிராளி வாங்கினாலும் விற்றாலும் மறுக்கக் கூடாது. மாட்டுச் சந்தை மாதிரி துண்டுக்குள் நம்பியின் விரலைப் பிடித்து விலை காட்டிவிட்டு, பிறகு சபைக்குச் சொல்ல வேண்டும்.

நம்பியின் மருமகன் சேந்தன் முதலில் வந்தான். மாமன் கையைத் துண்டுக்குள் பிடித்தான். "இருபத்தெட்டுக்கு வாங்குவேன், முப்பதுக்கு விற்பேன்!"

பானையைத் திறந்தால் ஏலக்காய். சந்தை விலை சரியாக இருபத்தொன்பது!

"தேர்வு முடிந்தது" என்றார் நம்பி.

"மகாராசா!" என்றாள் மருதாயி. "மாட்டுச் சந்தை வாசல்ல வெத்தலை விக்கிறவ நான். விலை சொல்றவர் விரல்தானே முதல்ல அசையணும்? இங்கே துண்டு நம்பி ஐயா பக்கம்ல முதல்ல துள்ளுச்சு!"

ராசா மீசையைத் தடவினார். "பொய்யானால் உன் கூடை இந்த ஊருக்குள் வரக் கூடாது. பிழைப்பே போய்விடும். நிரூபிப்பாயா?"

மருதாயி வாசலில் இருந்த கூடையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "துண்டு வேண்டாம். நீங்களே ஒரு பானையை நிரப்பிக் கொண்டாங்க. ஐயாவோட மருமகன் வாயால விலை சொல்லட்டும். பிறகு நான் சொல்றேன்."

ராசா குழந்தை மாதிரி உள்ளே ஓடி, வாய் கட்டின பானையோடு வந்தார். சேந்தன் மாமனைப் பார்த்தான். மாமன் விட்டத்தைப் பார்த்தார். சற்று முன் பலித்தது இப்போதும் பலிக்கும் என்று நினைத்தானோ என்னவோ, "இருபத்தெட்டுக்கு வாங்குவேன், முப்ப..."

"விற்றேன்!" என்று குதித்தார் ராசா. "நீ சொல், பெண்ணே."

"சும்மா கொடுத்தா வாங்குவேன். ரெண்டு பணத்துக்கு விற்பேன்."

"இதற்கு இரண்டு பணம் கொடுக்க நான் என்ன பைத்தியமா? உள்ளே என்ன என்று எப்படித் தெரிந்தது?"

"இப்பவும் தெரியாது மகாராசா. ஆனா உங்களுக்குத் தெரியுமே! அவர் வாயை மூடுறதுக்குள்ள 'விற்றேன்'னு குதிச்சீங்க. நல்ல சரக்கா இருந்தா கொஞ்சம் யோசிச்சிருக்க மாட்டீங்களா?"

பானையைத் திறந்தார்கள். அடுப்புச் சாம்பல்!

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். "சொல்லிக் கொடுத்த விலையைச் சொல்ல ஒரு கிளி போதும். எதிராளியைப் பார்த்து விலையைப் பிடிக்கிறவளிடம்தான் என் பொன்னை நம்பிக் கொடுக்கலாம். இடம் மருதாயிக்கு! நம்பி, மூன்று மாசமும் அவளுக்கு நீர்தான் தொழில் சொல்லித் தர வேண்டும். துண்டு இல்லாமல்!"

சேந்தன் இருபத்தெட்டுப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பானையைத் தலையில் சுமந்து மாமன் வீட்டுக்குப் போனான். அவ்வளவு விலை கொடுத்த சாம்பல், வீணாக்க மனசு வருமா? அந்த வருசம் பூராவும் நம்பி வீட்டுப் பாத்திரம் மாதிரி ஊரில் எந்த வீட்டுப் பாத்திரமும் பளபளக்கவில்லையாம்!