கூரப்பன் அடுக்கி வைத்த வீடு

ஊசிப்பாறைக் காட்டில், ஒரு பெரிய பாறைக்கு அடியில், கூரப்பன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி வெள்ளச்சியும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். உள்ளே தூங்க ஓர் அறை. வாசல் பக்கம் இன்னோர் அறை.

வாசல் அறையைச் சும்மா தோண்டவில்லை. முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் முதுகில்தானே! முகத்தில் ஒன்றும் கிடையாது. பகை வந்தால் சட்டென்று திரும்பி முதுகைக் காட்ட வேண்டும். அப்படித் திரும்புவதற்குத்தான் அந்த இடம்.

கூரப்பனிடம் ஒரு கெட்ட பழக்கம். கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்கு இழுத்து வருவான். வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைக் கடித்துத் தேய்க்க ஒரு மான்கொம்பு போதும். இவனிடம் பதினேழு! காட்டெருமைத் தொடையெலும்பு, ஆமை ஓடு, காடு பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, ஓட்டை பிளாஸ்டிக் குடம். நாலு கால் பிராணிக்கு ஒற்றைச் செருப்பு எதற்கு? அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

“என்னங்க, இந்தக் குடம் எதுக்கு?” என்று கேட்பாள் வெள்ளச்சி.

“இருக்கட்டும் புள்ள! என்னைக்காவது உதவும்!”

“ஓட்டைக் குடம் எதுக்குங்க உதவும்?”

“உதவுறப்போ தெரியும்!”

அவள் அதை வெளியே தள்ளிவிடுவாள். மறுநாளே அவன் அதை உருட்டிக்கொண்டு வந்து நிற்பான். “பாரு புள்ள, யாரோ நல்ல குடத்தைத் தூக்கிப் போட்டிருக்காங்க!” என்று வேறு சொல்வான். இவனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்தினாளோ!

மழை விட்ட பிறகு அவர்களுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது. பூமணி என்று பெயர் வைத்தார்கள். அவள் முள் இன்னும் இறுகவில்லை, பச்சைப் புல் மாதிரி வளைந்தது. எப்போதும் அப்பா பின்னாலேயேதான் ஓடுவாள்.

வெள்ளச்சி இப்போது விடவில்லை.

“இந்தக் குப்பை வெளியே போகணும்! இல்லேன்னா நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வளைக்குப் போயிடுவேன்!”

“கோவிச்சுக்காதே! நாளைக்கே வீட்டைச் சுத்தம் பண்ணிடுறேன்.”

சொன்னபடியே செய்தான். மறுநாள் முழுக்க மூச்சு வாங்க வேலை பார்த்தான். கொம்பெல்லாம் ஒரு பக்கம், எலும்பெல்லாம் ஒரு பக்கம். உள்ளறையைப் பெருக்கியும் விட்டான்.

“பாத்தியா! எவ்வளவு சுத்தம்!”

உள்ளறை பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் ஒரு சாமானும் வெளியே போகவில்லை. எல்லாம் வாசல் அறையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. நடுவில் நேராகப் போய்வர ஒரு சந்து, அவ்வளவுதான்.

“இங்க எப்படிங்க திரும்புவீங்க?”

“இத்தனை வருஷத்துல நம்ம வீட்டுக்கு யாரு வந்தா? சும்மா பயப்படாதே!”

வெள்ளச்சிக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. குட்டியோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு இன்னும் ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா அவள்!

மறுநாள் நல்ல வெயில். பகலில் தூங்கும் வழக்கப்படி மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஏதோ உறுமியது. கூரப்பன் எழுந்து சந்துக்குள் ஓடினான். எதிரே ஒரு செந்நாய் நின்றது.

“என்னய்யா, உள்ள குட்டி வாசம் வருதே!”

“கிட்ட வந்தே, குத்திக் கிழிச்சிடுவேன்!”

“எங்கே, குத்து பார்ப்போம்!”

கூரப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பினான். பாதிதான் திரும்ப முடிந்தது. முள்ளெல்லாம் கொம்புகளில் சிக்கிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தான். அடுக்கி வைத்தது அத்தனையும் சரிந்து அவன் மேலேயே விழுந்தது. முள்ளெல்லாம் குவியலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்க, முகம் மட்டும் வாசலைப் பார்த்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ!” என்று அலறினான்.

அந்த அலறல் பூமணியின் காதில் விழுந்தது. “அப்பா!” என்று கத்திக்கொண்டு அம்மாவின் காலுக்கடியில் நழுவி ஓடி வந்தாள். சின்ன உடம்பு. எலும்பு இடுக்கில் நுழைந்து அப்பாவின் முகத்தருகே வந்துவிட்டாள்.

“வராதேம்மா! உள்ள போ! உள்ள போ!”

செந்நாய் அவளை ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

வெள்ளச்சி பின்னாலேயே ஓடி வந்தாள். சந்து அடைத்துக் கிடந்தது. நகம் பெயரப் பெயரப் பறித்துத் தள்ளினாள். அவள் வெளியே வந்தபோது காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த மூன்று நாளும் கூரப்பன் சோறு தண்ணி இல்லாமல், வீட்டிலிருந்த எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளினான். கடைசியில் தரையைப் பெருக்கிவிட்டு உள்ளே வந்தான்.

“எல்லாத்தையும் போட்டுட்டேன் புள்ள. வாசல்ல எவ்வளவு இடம் இருக்கு, வந்து பாரேன்.”

வெள்ளச்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

“இனிமே யாருக்குங்க அந்த இடம்?” என்றாள்.

வேண்டாததை அழகாக அடுக்கி வைப்பது வீட்டைச் சுத்தம் செய்வதாகாது. அதை வெளியே எறிய வேண்டிய நேரம், வீட்டில் நம் மனிதர்கள் இருக்கும்போதுதான்.