ராஜா தூக்கிப் பார்த்த கீரை

பவளாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை மட்டும்தான் அரிசியில். மனசெல்லாம் சிறைச்சாலையில். அவள் புருஷன் சடையன் அரண்மனைத் தோட்டக்காரன். ராஜா அவனை உள்ளே தள்ளி இன்றோடு பத்து நாள்.

அப்படி என்ன குற்றம் செய்தான்? அவன் நட்ட கீரை வளரவில்லை. அவ்வளவுதான். இதே குற்றத்துக்காக அவனுக்கு முன்னாலேயே ஐந்து தோட்டக்காரர்கள் உள்ளே இருந்தார்கள்.

ஏன் வளரவில்லை என்பது ஊருக்கே தெரியும். பொய்கைக்கோட்டை கனகசேன ராஜாவிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. காலையில் நட்ட செடியை மத்தியானம் பிடுங்குவார். "வேர் விட்டுடுச்சா?" என்று உற்றுப் பார்ப்பார். திரும்ப மண்ணில் குத்திவிட்டுப் போவார். சாயங்காலம் மறுபடியும் வருவார். எந்தச் செடி தாங்கும்? ஆனால் ராஜாவிடம் போய், 'நீங்கள் பிடுங்குவதால்தான் சாகிறது' என்று யார் சொல்வது? ஆளுக்கு ஒரு தலைதானே இருக்கிறது!

'களக்' என்று ஒரு சத்தம். பவளாயி திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை வயது மகள் வள்ளி, சொம்பிலிருந்த பொன்னாங்கண்ணித் தண்டை உருவி, வேரைப் பார்த்துச் சிரித்து, மறுபடி தண்ணீரில் முக்கினாள். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ.

"அடியே, விடுடி அதை!" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வேர் விடட்டும் என்று போன வாரம் அவள் இரண்டு சொம்பில் தண்டு போட்டு வைத்திருந்தாள். பிள்ளைக்கு எட்டாத மாடத்தில் இருந்த சொம்பில் வேர் அழுகித் தண்ணீர் நாறியது. பிள்ளை தினமும் தூக்கித் தூக்கி முக்கியதிலோ வேர் வெள்ளைவெளேரென்று இறங்கியிருந்தது. தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. தூக்கினால் மூச்சு விடுகிறது.

'அட! நம்ம வள்ளிக்கும் ராஜாவுக்கும் ஒரே புத்திதானே!'

அரிசியை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

சபையில் குனிந்து நின்றாள். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சடையன் வீட்டுக்காரி, மகாராஜா. முப்பது நாள்ல கீரை வளர்த்துக் காட்டுறேன். வளர்ந்தா அவரை விட்டுடணும்."

மந்திரி விருத்தகிரி வாய்விட்டுச் சிரித்தார். தோட்ட வேலைக்குத் தன் மச்சானைக் கொண்டுவரக் காத்திருந்தவர் அவர். "ஆறு ஆம்பிளைகள் தோற்ற இடத்தில் நீயா? வளராவிட்டால்?"

"என்னையும் அவரோட உள்ள போட்டுடுங்க, ஐயா."

"நல்ல பேச்சு!" என்றார் ராஜா. "எந்த ஊர் மண் வேண்டும்?"

"மண்ணே வேண்டாம், மகாராஜா. ஒரு அண்டா போதும்."

ராஜாவின் உப்பரிகையிலேயே வெண்கல அண்டாவை வைத்தாள். மட்கிய எருவை ஊறவைத்து வடிகட்டிய தெளிவைத் தண்ணீரில் கலந்து ஊற்றினாள். மேலே மரப்பலகை மூடி. மூடியில் எட்டு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கீரைத்தண்டு, தேங்காய் நாரை இறுக்கிச் செருகி நிறுத்தினாள். மூடியின் நடுவே கயிற்றால் ஒரு பிடி.

"பிடி எதற்கு?"

"தாங்கள் தூக்கிப் பார்க்கத்தான்."

ராஜாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "தூக்கலாமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

அவ்வளவுதான்! பல் துலக்குமுன் ஒரு தூக்கு. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கு. பாதி வழக்கில் எழுந்துபோய் ஒரு தூக்கு. ஒவ்வொரு தடவையும் வேர் சொட்டச் சொட்ட மேலே வந்தது, 'களக்' என்று உள்ளே போனது. பத்தாம் நாள் வேர் ஒரு சாண் நீளம்.

விருத்தகிரிக்கு வயிறு எரிந்தது. அவரும் லேசுப்பட்டவரா? ராஜா தூக்கத் தூக்கத்தான் செடி தளதளக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மெல்லப் போய்க் காதைக் கடித்தார். "மகாராஜா, தங்கள் கைச்சூடு பட்டால் பிஞ்சு வேர் கருகிவிடும். இனிமேல் தொடாதீர்கள்."

ராஜா பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டார். நாலே நாளில் இலை தொங்கிப்போயிற்று.

தண்ணீர் மாற்ற வந்த பவளாயியிடம் ராஜா மந்திரி சொன்னதைச் சொன்னார். மந்திரியை எதிர்த்துப் பேச முடியுமா? குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "மந்திரி ஐயா சொன்னது ரொம்பச் சரிங்க, மகாராஜா. மூடியைத் தூக்கவே கூடாது. அதுவும் இன்னைக்கு உள்ள நடக்கிறதை யாருமே பார்க்கக் கூடாது."

"இன்றைக்கு என்ன நடக்கிறது?"

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க!"

அவள் படி இறங்கி முடிக்கவில்லை. மேலே 'களக்' என்று கேட்டது. நின்று காது கொடுத்தாள். இன்னொரு 'களக்'. பவளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

முப்பதாம் நாள் ராஜாவே கீரையைக் கிள்ளினார். பொரியல் செய்யச் சொல்லி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சடையனை விடுதலை செய்யச் சொன்னவர், வாய் ருசியில் மற்ற ஐந்து பேரையும் சேர்த்தே விடச் சொல்லிவிட்டார். மந்திரி முகத்தில் ஈயாடவில்லை.

ராஜா இலையிலிருந்து நிமிர்ந்தார். "ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்த ஆறு பேருக்கும் வளராதது உனக்கு மட்டும் எப்படி வளர்ந்தது?"

பவளாயி கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அவங்க மண்ணுக்குத் தக்கபடி கீரை வச்சாங்க, மகாராஜா. நான் தங்கள் கைக்குத் தக்கபடி வச்சேன்."

ராஜா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது சிவந்தது. அப்புறம் தொடையைத் தட்டிச் சிரித்தார் பாருங்கள், கிரீடமே சரிந்துவிட்டது!

"கெட்டிக்காரி! இனி அரண்மனைத் தோட்டம் முழுக்க உன் பொறுப்பு. வேறு என்ன வேண்டும், கேள்!"

"ஒண்ணும் வேண்டாம், மகாராஜா. நாளைக்கு மல்லிகைப் பதியன் வைக்கிறேன், அது மண்ணுலதான் வரும். அதனால அந்தப் பக்கம் மட்டும் தாங்கள் தயவுசெஞ்சு..."

"ஏ பவளாயி!" வாசலிலிருந்து சடையன் குரல். "அங்கே என்ன இன்னும் பேச்சு? அவரு மனசு மாறுறதுக்குள்ள வெளிய வா புள்ள!"