பல்லக்குக்காரனின் மன்னிப்பு

திருமேனிப் புலவரின் சீடர்களில் வேதவனம் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர். தலை நரைக்கத் தொடங்கியும் கனம் மட்டும் இறங்கவில்லை. பல்லக்குச் சுமக்கும் ஏழை ஒருவனை நாயகனாக வைத்து அவர் ஒரு காப்பியம் எழுதியிருந்தார். கடைசிப் படலத்தில், தன் பிழைப்பைக் கெடுத்த எசமானை அந்த ஏழை மன்னித்துவிடுவான். கேட்டவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புலவர் மட்டும் அரங்கேற்றத்துக்குச் சம்மதம் தரவில்லை.

"படலத்தில் என்ன குறை ஐயா?"

"இந்த மன்னிப்பு உனக்கு எங்கே கிடைத்தது?"

வேதவனம் முதலில் மழுப்பப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

போன அறுவடைக் காலத்தில் அவர் மடத்துப் பல்லக்கில் பயணம் போயிருந்தார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் பாடிக்கொண்டேதான் நடப்பார்கள். முன்னால் போகிறவன் மேடு பள்ளம் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதற்கேற்பக் கால் வைப்பார்கள். அந்தச் சத்தத்தில் செய்யுள் ஓடவில்லை என்று வேதவனம் எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். வாய்க்கால் இறக்கத்தில் கால்கள் பிசகின. பல்லக்கு கவிழ்ந்தது, செய்யுளும் செய்தவரும் சேற்றில் கிடந்தார்கள். வந்த ஆத்திரத்தில், முன்னால் போன இருளப்பன் குடித்திருந்தான் என்று மடத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மணியக்காரரிடம் சொல்லிவிட்டார். இருளப்பனுக்கு வேலை போயிற்று.

"அப்புறம் மனசு கேட்கவில்லை ஐயா. வேலையைத் திரும்பக் கேட்டு மடத்து வாசலில் வந்து நின்றான். என்னை மன்னித்துவிடு என்றேன்."

"அவன்?"

"'அதுக்கென்ன சாமி, நீங்க நல்லா இருந்தாப் போதும்' என்று கும்பிட்டான். அன்றைக்கே அந்தப் படலத்தை எழுதினேன்."

"வேலை?"

"அது கிடைக்கவில்லை ஐயா."

"மணியக்காரரிடம் உண்மையைச் சொன்னாயா?"

"என் மானம் போய்விடுமே ஐயா."

"போகட்டும். ஊர் கூடியிருக்கும்போது போய்ச் சொல். அவன் மறுபடியும் பல்லக்குத் தூக்க ஆரம்பித்த பிறகு, அவன் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை கேள்."

வேதவனத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கோயில் முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். மணியக்காரர் ஆளனுப்பி இருளப்பனை அழைத்து வேலையைத் திரும்பக் கொடுத்தார். இனி யார் சொன்னாலும் அவன் வேலையில் கைவைப்பதில்லை என்று அங்கேயே வாக்கும் கொடுத்தார்.

சில நாள் கழித்து வேதவனம் ஆசிரியரிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டான் ஐயா."

"என்ன சொன்னான்? அப்படியே சொல்."

"'ஊரே என்னைக் குடிகாரன்னு சொல்லிச்சு. என் மவளைப் பொண்ணு கேட்டு வந்தவங்க, அந்தப் பேச்சைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. வேலை வந்திருச்சு சாமி, அவங்க வரலியே. என்னால முடியாது, போயிட்டு வாங்க' என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலிலேயே நின்றேன்."

"அவன்?"

"கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்."

"உன்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லையா?"

"இல்லை ஐயா." வேதவனம் ஏட்டுக் கட்டை முன்னால் வைத்தார். "இதை நான் என்ன செய்வது? கடைசிப் படலமே பொய்யாகிவிட்டதே."

புலவர் அந்தப் படலத்தின் ஏடுகளை மட்டும் உருவித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"முடியாது என்று சொல்ல அவனுக்கு இப்போது முடிகிறது. இனி என்றைக்காவது அவன் சரி என்று சொன்னால் நம்பலாம். போய்க் கேட்டுக்கொண்டிரு."