இரவல் சாவி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் சின்னப் பையனாக இருக்க வேண்டும் என்று எவன் எழுதி வைத்தான்? கழுகுமலையில் ஒரு குரு உண்டு. வயது முப்பத்தெட்டு. பெயர் சகாயமேரி. காக்கிச் சட்டை, முழங்கை வரை கிரீஸ், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. தொழில், கார் மெக்கானிக்.

சீடர் பேச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று. சுற்றுவட்டாரத்துக்கே மாட்டு டாக்டர். பெயருக்கேற்ற பேச்சு.

"மாடு தீவனத்துல வாய் வைக்கலைன்னா அன்னைக்கே சொல்லணும்வே! விழுந்த பிறகு ஓடி வந்தா நான் என்ன செய்ய?"

உழுது பிழைக்கிற சம்சாரிகளில் இந்தத் திட்டை வாங்காதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. வைதாலும் கைராசிக்காரர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி இரண்டு கார்கள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே வெள்ளை. சின்னக் கார்தான், ஆனால் கெட்டிக்காரக் கார். மாட்டுவண்டி போகிற பாதையெல்லாம் போகும். சந்துக்குள் நுழைந்தால் சந்துக்குள்ளேயே திரும்பிவிடும். ஒரு சாமான் போனால் கோவில்பட்டியிலும் கிடைக்கும், சங்கரன்கோவிலிலும் கிடைக்கும். பெரிய பெரிய கார்கள் பந்தாவாக வந்து, பழசாகி, பெயர்கூட மறந்துபோன பிறகும் இந்த ரகம் மட்டும் ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

மேரியின் கார் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. டாக்டரின் கார் நிற்காத வழியே இல்லை.

போன பங்குனியில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். செட்டிகுறிச்சியில் வேலம்மாளின் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. வேலம்மாளுக்கு இருந்ததே அந்த ஒரு பசுதான். டாக்டர் உடனே கிளம்பினார். ஓடைப்பாலம் தாண்டியதும் காரின் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. கார் படுத்துவிட்டது. உச்சி வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று, கடைசியில் ஒரு பால்காரரின் மொபெட்டில் கேன்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்.

பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

வேலம்மாள் ஒரு வார்த்தை வையவில்லை. "வேர்த்துக் கொட்டுதே ஐயா" என்று ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வைதிருந்தால் வாங்கிக்கொண்டு மறந்திருப்பார் மனுஷன். அந்த மோர்தான் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஆனியில் அதே பசு மறுபடி சினை பிடித்தது. வருகிற பங்குனியில் கன்று போடும் என்று டாக்டரே நாள் கணக்குச் சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். இந்தக் காரை நம்பி எப்படிப் போவது?

மார்கழிக் கடைசியில் கார் இன்னொரு தடவை படுத்தது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேரியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"மேரி, இதைக் காயலான் கடையில போட்டுரட்டுமா?"

"போடலாம்."

"போட்டா நான் எதுல போக? பெரிய காரு வேலம்மா தெருவுக்குள்ள நுழையாது."

"அப்ப போட வேண்டாம்."

"கேலி பண்ணாதே தாயி. ரெண்டும் கூடப்பிறந்த வண்டி. உன்னுது ஓடுது, என்னுது படுக்குது. என்னமோ ரகசியம் வச்சிருக்கே. சொல்லு. இன்னையிலேர்ந்து நீ குரு, நான் சீடன்."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த டிராக்டர்க்காரர் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று டயருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

மேரி கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். ஆணியில் தொங்கிய தன் கார்ச் சாவியை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க."

"எங்க?"

"எங்க வேணும்னாலும். பங்குனி பிறக்குற வரைக்கும் என் வண்டி உங்ககிட்ட இருக்கட்டும். உங்க வண்டியை நான் ஓட்டிக்கிடுதேன்."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் பயம் வந்தது.

"இப்படி ஓட்டணும், அப்படி ஓட்டணும்னு ஒண்ணும் சொல்லாம தாரியே?"

"இரவல் வண்டி டாக்டரய்யா. இதுக்கு மேல என்ன சொல்ல?"

இரவல். அந்தச் சொல் பேச்சிமுத்துவோடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் வீட்டில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் இல்லை. ஒரு பிடி சீனியோ நாலு முருங்கைக்காயோ போட்டுத்தான் தருவார்கள். கிண்ணத்துக்கே அப்படி என்றால் காருக்கு எப்படி!

மறுநாள் விடிந்ததும் காரைச் சுற்றி வந்தார். நாலு டயரையும் குனிந்து பார்த்தார். பானட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கிற கம்பி எது என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக அதே கம்பி அவர் காரிலும் அதே இடத்தில்தான் இருந்தது, பாவம். மேரிக்குப் போன் போட்டார்.

"மஞ்சப் பிடி போட்டதுதான். உருவுங்க. துடைங்க. மறுபடி விட்டு எடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும்."

"நடுவுலதான் நிக்கு."

"அப்ப மூடுங்க."

அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு மாட்டுக்குக் காய்ச்சல் இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் அன்றைக்கு முழுதும் அவருக்கு இருந்தது. அடுத்த நாளும் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீரையும் பார்க்கக் கற்றுக்கொண்டார். சனிக்கிழமை தவறாமல் காற்றுப் பிடித்தார்.

முன்பெல்லாம் நொண்டுகிற ஆட்டை அப்படியே தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர் அவர். இப்போது ஒரு சம்சாரி ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையை விரித்து மறித்தார்.

"ஏத்தாதேரும்! இரவல் வண்டி!"

"அப்ப ஆடு பஸ்ஸுலயா வரும்?"

யோசித்துப் பார்த்து, தார்ப்பாயை விரித்து, அதன்மேல் சாக்கை விரித்து, ஆட்டை ஏற்றினார். இறக்கிய கையோடு சீட்டைத் துடைத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது.

வீட்டம்மா சண்முகவடிவு மட்டும் ஒருநாள் சொன்னாள். "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையா இருக்கு. நம்ம வண்டியைப் போய்ப் பாத்தீங்களா, என்ன கதியில கிடக்குன்னு?"

அவர் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

தை மாதத்தில் ஒருநாள் பதறிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"மேரி, ஒரு சத்தம் கேக்கு."

"எப்ப கேக்கு?"

"இடது பக்கம் திரும்பும்போது. டொக்குன்னு. ஒரே ஒரு தடவைதான். வலது பக்கம் திரும்பினா இல்ல."

மேரி டிக்கியைத் திறந்தாள். டாக்டரின் குளூக்கோஸ் பாட்டில் ஒன்று பெட்டியிலிருந்து தப்பி அங்கே உருண்டுகொண்டிருந்தது. டாக்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுக்குப் போயி உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேன்."

மேரி பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் செட்டிகுறிச்சி வரை யோசித்துக்கொண்டே போனார். மாசியில் இரண்டு தடவை தன் கார் எதிரே வருவதையும் பார்த்தார். மேரி ஓட்டிக்கொண்டு வந்தாள். சத்தமே இல்லாமல் அவரைக் கடந்து போனது. அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. துரோகி, என்னிடம் மட்டும் ஏன் படுத்தாய் என்று மனசுக்குள் வைதார்.

பங்குனி பிறந்தது. சொன்ன சொல் தவறாமல் முதல் தேதி காலையிலேயே காரைத் திருப்பித் தர வந்தார். கார் பளபளவென்றிருந்தது. டிக்கியில் ஒரு பூசணிக்காயும் பத்துத் தேங்காயும். சாவியை மேசையில் வைத்தார். வைத்த கை அதை விடவில்லை.

"ரெண்டு மாசம். ஒரு தடவை படுக்கல மேரி. ராசியான வண்டி."

"நல்லது."

"ரகசியம் எனக்கு இன்னும் பிடிபடல. ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதே. ரெண்டையும் இப்படியே மாத்திக்கிடுவமா? என்னுது உன் கையில நல்லாத்தான் ஓடுது. என் கையில வந்தா படுத்துரும். வேலம்மா பசு இன்னைக்கோ நாளைக்கோ..."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. வேலம்மாள்தான்.

"ஐயா, தண்ணிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு. முக்குது முக்குது, ஒரு காலுதான் வெளிய தெரியுது. சீக்கிரம் வாங்கய்யா."

ஒரு கால்தான் தெரிகிறது என்றால் மறு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. டாக்டருக்குத் தெரியாதா? மேசையில் இருந்த சாவியை அள்ளப் போனார். அதன்மேல் மேரியின் கை இருந்தது. மறுகையால் ஆணியில் தொங்கிய இன்னொரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"இது என் வண்டி சாவி!"

"ஆமா."

"விளையாட இதுவா நேரம்? போன வருஷம் இதே பசு, இதே ரோடு, இதே வண்டி!"

"என் வண்டியைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. இப்ப இதை இரவலாத் தாரேன். பத்திரமாக் கொண்டு போங்க."

வாதாட நேரமில்லை. சாவியை வாங்கினார். வாசலில் நின்ற தன் காரிடம் ஓடினார். ஓடியவர் கதவைத் திறக்கவில்லை. பானட்டைத் திறந்தார். மஞ்சள் பிடியை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில். தண்ணீர் பார்த்தார். மூடினார். நாலு டயரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். எல்லாம் அரை நிமிஷம். ஏன் இதைச் செய்தோம் என்று அவருக்கே தெரியாது, கை பழகிவிட்டது.

ஓடைப்பாலம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். சூடு காட்டுகிற முள் பாதியில் நின்றது. பாலம் தாண்டியது. முள் பாதியிலேயே நின்றது. வேலம்மாளின் தெருமுனை வந்தது. கார் சந்துக்குள் நுழைந்து தொழுவத்து வாசலிலேயே போய் நின்றது. "அடிச் சண்டாளி" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினார். கண் கலங்கியிருந்தது.

கையை உள்ளே விட்டு, மடங்கிய காலைத் தடவிக் கண்டுபிடித்து, குளம்பை உள்ளங்கையில் பொத்தி மெல்ல நிமிர்த்தினார். அரை மணி நேரப் போராட்டம். பிறகு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, கிடேரிக் கன்று. பசு திரும்பி அதை நக்க ஆரம்பித்தது.

வேலம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"மோர் தரட்டுமா ஐயா?"

"குடு தாயி. ரெண்டு செம்பு குடு."

இந்தத் தடவை மோர் தொண்டையில் நிற்கவில்லை.

சாயங்காலம் பட்டறைக்கு வந்தார். சாவியை மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டியையும் வைத்தார்.

"இந்தா, இரவல் வண்டி. வெறுமனே கொண்டு வரல."

மேரி மூடியைத் திறந்து பார்த்தாள். மஞ்சளாக, கெட்டியாக, கன்று ஈன்ற பசுவின் முதல் பால்.

"சீம்பாலா! கருப்பட்டி போட்டு அவிச்சா அமிர்தமா இருக்கும்" என்று முகமெல்லாம் சிரித்தாள்.

"மேரி, உண்மையைச் சொல்லு. என் வண்டிக்கு என்ன பண்ணினே?"

"தண்ணி ஒழுகுற குழாயை மாத்தினேன். ஆயில் மாத்தினேன். பின்சீட்டுல ஆட்டுப் புழுக்கை அள்ளினேன்."

"அவ்வளவுதானா?"

"புழுக்கைக்குத்தான் ரெண்டு நாளாச்சு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மேரி சாவியை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"கொண்டு போங்க."

"எனக்கேவா?"

"இரவலாத்தான்."

"நல்லாருக்கே நியாயம்! என் பேர்ல இருக்குற வண்டியை எனக்கே இரவல் தாரியா? சரி குருவே, எப்பத் திருப்பித் தரணும்? அதையும் சொல்லிரு."

மேரி தூக்குச்சட்டியை மூடி, ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கேக்கும்போது."