பக்கத்துக் கட்டம்

பேராசிரியை மங்களேஸ்வரியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது நாகலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. தபால் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரைக் குருவாக ஏற்க அவருக்குக் கூச்சமே இல்லை. படிப்புக்கு ஏது வயது?

அன்று காலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தார்.

"மேடம், அந்த லேப்டாப் கிடைச்சுடுச்சு. சர்வீஸ் கடையிலேயே இருந்திருக்கு. அனுப்பினதை நம்ம ஆபீஸ்ல எழுதி வைக்க மறந்துட்டாங்க."

உதவியாளர் அந்தோணிசாமிதான் அதைத் திருடினார் என்று போன மாதம் துறைக் கூட்டத்தில் முடிவானது. ஆராய்ச்சி மாணவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர். கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கையும் உயர்ந்தது. பன்னிரண்டு வருட வேலை, கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் போய்விட்டது. அந்த டீயைக் கொண்டுவந்து வைத்ததும் அந்தோணிசாமிதான்.

"அவருக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணினேன். சம்சாரம்தான் எடுத்தாங்க. 'திருடன் வீட்டுக்கு எதுக்குப் போன் பண்றீங்க'ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க."

நாகலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினோரு பேருக்கும் எப்படி மேடம் ஒரே சந்தேகம் வந்துச்சு?"

மங்களேஸ்வரி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். நூறு கட்டங்கள். பாதி சிவப்பு, பாதி நீலம், கலந்து கிடந்தன. இருவரும் சேர்ந்து எழுதிய நிரல்தான். அதில் விதி ஒன்றே ஒன்று: முறை வரும் கட்டம், பக்கத்துக் கட்டம் ஏதாவது ஒன்றின் நிறத்துக்கு மாற வேண்டும்.

ஓடவிட்டார். நிறங்கள் கொஞ்ச நேரம் முட்டி மோதின. பிறகு திரை முழுக்கச் சிவப்பு.

"இதுல எந்தக் கட்டத்துக்கு சார் சிவப்பு பிடிக்கும்?"

"பிடிக்கும் பிடிக்காதுங்கறதே இதுகளுக்குக் கிடையாதே மேடம். பக்கத்துல பார்க்க மட்டும்தானே சொல்லிக் கொடுத்தோம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே சுருக்கென்றது.

"அந்தோணிசாமி எடுத்திருப்பார்னு நான் ஒரு நிமிஷம்கூட நம்பலை மேடம். உங்க கை மேல போச்சு. படிச்சவங்க, விஷயம் தெரியாமலா தூக்குவாங்கன்னு நானும் தூக்கிட்டேன்."

மங்களேஸ்வரி திரையை அணைத்தார்.

"என் கை பாதியில நின்னுடுச்சு சார். அப்பதான் பக்கத்துல உங்க கை உயர்ந்துச்சு. வயசுல பெரியவர், நாலும் தெரிஞ்சவர், அவரே தூக்குறாரேன்னுதான் மீதியைத் தூக்கினேன்."