மூன்றாவது மாடி மஞ்சள்

"இருநூற்றுப் பதினாறு ஜன்னல் வரைந்துவிட்டேன், டீச்சர். என் வீடு மட்டும் வரவில்லை" என்றார் ஆர்வில்.

ஓஹையோ ஆற்றங்கரை நகரம் ஒன்றில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர் அவர். வயது அறுபத்திரண்டு. அவர் குடியிருந்த தெருவை நெடுஞ்சாலைக்காகப் போன வருடம் இடித்துவிட்டார்கள். மனைவி லொரீனா அதற்கு முன்பே இறந்துவிட்டாள்.

அந்தத் தெருவை இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஓவியம் கற்க வந்தார்.

டீச்சர் எட்னா அவரைவிட இருபத்தைந்து வயது சிறியவர். அவரும் நகரத்தைத்தான் வரைவார். சிவப்புக் கட்டம், சாம்பல் கட்டம், நடுவே ஒரு கறுப்புக் கோடு.

"உங்கள் படத்தில் கட்டடமெல்லாம் குடித்துவிட்டு நிற்கிறது" என்றார் ஆர்வில். "ஆனாலும் நம் ஊர் என்று தெரிகிறது. என் படத்தில் எல்லாம் நேராக நிற்கிறது. யார் ஊரோ!"

எட்னா அவர் படத்தைப் பார்த்தார். ஒரு செங்கல்கூட விடுபடவில்லை.

"எதைப் பார்த்து வரைந்தீர்கள்?"

"இடிப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோ."

"எடுத்தவர் எங்கே நின்றார்?"

"எதிர் நடைபாதையில்."

"நீங்கள் அங்கே நின்று பார்த்திருக்கிறீர்களா?"

"எனக்கு ஏது நேரம்? வேலை முடிந்தால் நேரே உள்ளே போய்விடுவேன். வெளியிலிருந்து பார்த்ததெல்லாம் டிராமிலிருந்துதான்."

"அங்கிருந்து என்ன தெரியும்?"

"சாயங்காலம் முனை திரும்பும்போது காலால் மணியை இரண்டு தடவை மிதிப்பேன். மூன்றாவது மாடியில் லொரீனா விளக்கைப் போடுவாள். ஜன்னல் மஞ்சளாகத் தெரியும்; உடனே தாண்டிவிடுவேன். வண்டியை நிறுத்த முடியாதே."

"எவ்வளவு நேரம் தெரியும்?"

"நாலு செகண்ட்."

"நாலு செகண்டில் இருநூற்றுப் பதினாறு ஜன்னலா?"

ஆர்வில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எட்னா புதிய கான்வாஸ் ஒன்றை வைத்தார். ஆர்வில் நாற்காலியை இழுத்தார்.

"டிராமை உட்கார்ந்தா ஓட்டினீர்கள்?"

"நின்றுதான்."

எட்னா நாற்காலியை அப்பால் தள்ளினார்.

ஆர்வில் நின்றபடி சாம்பலை அகலமாக இழுத்தார். ஒரு சிவப்பு சரிந்தது. இன்னொரு சிவப்பு அதன்மேல் சாய்ந்தது. கறுப்புக் கோடு வளைந்து திரும்பியது.

தூரிகையை மஞ்சளில் தோய்த்தார். கான்வாஸுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது.

"வையுங்கள்" என்றார் எட்னா.

"பொறுங்கள், டீச்சர்."

அவருடைய வலது கால் எழுந்து, மரத்தரையை இரண்டு தடவை மிதித்தது.